நின்றுபோன கரமும் நிற்காத செலவும்



பொருளாதார வளர்ச்சி பற்றிய விவாதங்களில், புதிதாக எவ்வளவு முதலீடு செய்யப்பட்டது என்னும் கேள்வியே முன்னிடம் பெறுகிறது. ஏற்கெனவே செய்த முதலீடு ஆண்டில் எத்தனை மணி நேரம் உழைக்கிறது என்னும் கேள்வி அத்தனை ஆர்வத்துடன் எழுப்பப்படுவதில்லை. மூலதனத்தைச் சிக்கனமாகப் பயன்படுத்த வேண்டிய நாட்டில் இரண்டாவது கேள்வியும் முதலாவதற்கு ஈடான முக்கியத்துவம் உடையது. இதை விளக்க ஒரு சிறிய எடுத்துக்காட்டே போதும். பழைய சி.என்.சி. மில்லிங் இயந்திரம் ஒன்றில் டூல் சேஞ்சர் பாதி வழியில் நின்றுவிடுகிறது. அதன்பின் அத்தொழிற்கூடத்தில் என்ன நிகழ்கிறது, என்ன நிகழ வேண்டும் என்பதே இன்றைய பொருள்.

பெங்களூரின் பீன்யா, கோயம்புத்தூர், ராஜ்கோட், லூதியானா முதலிய தொழில் மையங்களில் இத்தகைய பழைய இயந்திரங்களை நம்பி நடக்கும் சிறு தொழிற்கூடங்கள் உண்டு. சில, புதிதாக வாங்கப்பட்டுப் பல ஆண்டுகள் உழைத்தவை. வேறு சில, வெளிநாடுகளிலிருந்து இரண்டாம் கை இயந்திரங்களாக வந்தவை. அவற்றை வாங்க எடுத்த கடனுக்கு வட்டி உண்டு. கட்டடத்துக்கு வாடகை உண்டு. தொழிலாளருக்கு ஊதியம் உண்டு. இயந்திரம் நின்றாலும் இவை நிற்பதில்லை. நாளொன்றுக்கு எட்டு மணி நேரம் கொண்ட 2 ஷிப்டுகள், மாதத்துக்கு 25 நாட்கள் என்று கொண்டால், ஓர் இயந்திரத்துக்கு மாதம் 400 மணி நேரம் கிடைக்கிறது. பழுது பார்ப்பவர் வருவதற்கு 6 நாட்கள் காத்திருந்தால் 96 மணி நேரம், அதாவது ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு, கழிந்துபோகிறது. அந்த மாதத்தின் இலாபம் முழுவதையும் விழுங்க இது போதுமானது. பழுதுக்குக் காரணமோ பல வேளைகளில் மிக மலிவான ஓர் உறுப்பு.

டூல் சேஞ்சரின் பணி

எண் கட்டுப்பாட்டில் இயங்கும் மில்லிங் இயந்திரம் அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் 1952ஆம் ஆண்டில் இயக்கிக் காட்டப்பட்டது. அப்பத்தாண்டின் இறுதியிலேயே, மில்வாக்கி நகரின் கியர்னி அண்டு டிரெக்கர் நிறுவனம் வெட்டுளிகளைத் தானே மாற்றிக்கொள்ளும் இயந்திரத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. ஒரே பாகத்தில் பரப்பைச் சமப்படுத்தவும், துளையிடவும், மரையிடவும் வெவ்வேறு வெட்டுளிகள் தேவை. அவற்றை மேகசின் என்னும் அடுக்கில் வைத்து, கட்டளைக்கேற்ப எடுத்து ஸ்பிண்டிலில் பொருத்துவதே டூல் சேஞ்சரின் வேலை.

கரம் உள்ள அமைப்பு ஒன்றில் இந்த வேலை பல படிகளாக நடைபெறுகிறது. ஸ்பிண்டில் குறிப்பிட்ட உயரத்துக்கு வருகிறது. பின்னர் அது குறிப்பிட்ட கோணத்தில் திரும்பி நிலைகொள்கிறது. மேகசினில் உள்ள வெட்டுளியின் கிண்ணம் கீழ்நோக்கித் திரும்புகிறது. கரம் சுழன்று, ஸ்பிண்டிலில் உள்ள வெட்டுளியையும் கிண்ணத்தில் உள்ளதையும் ஒருங்கே பற்றுகிறது. டிராபார் என்னும் இழுதண்டு பிடியைத் தளர்த்துகிறது. கரம் கீழிறங்கி, 180 பாகை சுழன்று, மேலேறுகிறது. டிராபார் மீண்டும் இறுக்குகிறது. கரம் தன் இருப்பிடம் சேர்கிறது. கிண்ணமும் மேலே திரும்புகிறது. இவையெல்லாம் சில வினாடிகளில் முடிந்துவிடுகின்றன.

நின்றதா, காத்திருக்கிறதா?

இங்கே கவனிக்க வேண்டிய அடிப்படை ஒன்று உண்டு. ஒவ்வொரு படியும் முடிந்தது என்பதை ஒரு சுவிட்ச் அறிவித்த பின்னரே கட்டுப்பாட்டுப் பகுதி அடுத்த கட்டளையை இடுகிறது. அறிவிப்பு வராவிட்டால் அது காத்திருக்கும். குறித்த நேரம் கடந்ததும் எச்சரிக்கை காட்டும். சில பழைய இயந்திரங்கள் எச்சரிக்கையும் காட்டாமல் வாளாவிருக்கும். ஆகவே 'சிக்கிக்கொண்டது' என்று தொழிலாளர் கூறும் நிலை, உண்மையில் ஓர் அறிவிப்புக்காகக் காத்திருக்கும் நிலையாகவே பெரும்பாலும் இருக்கிறது. எந்த அறிவிப்பு வரவில்லை என்று கண்டறிந்தால், தேடவேண்டிய இடம் மிகவும் சுருங்கிவிடும்.

ஆனால் நடைமுறையில் முதலில் கையாளப்படுவது சுத்தியலும் நெம்புகோலும்தான். கரம் இரு வெட்டுளிகளைப் பற்றியிருக்கும் நேரத்தில் வலிந்து திருப்பினால், ஒரு சிறு சுவிட்சின் பழுது கியர்ப் பெட்டியின் பழுதாக வளர்ந்துவிடுகிறது.

பழுதறியும் முறை

எதற்கும் முன்னர் பாதுகாப்பு. மின்சாரத்தை நிறுத்திய பின்னும் காற்றுக் குழாய்களில் அழுத்தம் தங்கியிருக்கும். செங்குத்து அச்சு தன் எடையாலேயே இறங்கக்கூடும். டிராபார் தளர்ந்தால் கனமான வெட்டுளி கீழே விழும். எனவே ஸ்பிண்டிலின் கீழ் மரக்கட்டையை முட்டுக்கொடுக்க வேண்டும். கரத்தின் பாதையில் கையை வைத்துக்கொண்டு எவரும் சுவிட்சைத் தொட்டுப் பார்க்கலாகாது. அறிவிப்பு கிடைத்த மறுகணமே, மனிதர் நிற்பதை அறியாமல் இயந்திரம் தன் வேலையைத் தொடர்ந்துவிடும்.

அடுத்து, கரம் எந்தப் படியில் நிற்கிறது என்பதைப் பார்த்து எழுதிக்கொள்ள வேண்டும். பின்னர், கட்டுப்பாட்டுத் திரையின் டயக்னாஸ்டிக் பக்கத்தைத் திறக்க வேண்டும். ஃபேனக் போன்ற கட்டுப்பாடுகளில் இயந்திரத்திலிருந்து வரும் அறிவிப்புகள் எக்ஸ் என்னும் எழுத்துடனும், இயந்திரத்துக்குச் செல்லும் கட்டளைகள் ஒய் என்னும் எழுத்துடனும், 0 அல்லது 1 என்ற எண்களாகக் காட்டப்படுகின்றன. லேடர் வரைபடத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்த்தால் இரண்டில் ஒன்று புலப்படும். கட்டளை சென்றும் அசைவு இல்லை என்றால், குறை காற்று, வால்வு, ரிலே ஆகியவற்றின் பக்கம் இருக்கிறது. அசைவு முடிந்தும் அறிவிப்பு இல்லை என்றால், குறை சுவிட்ச் அல்லது கம்பியின் பக்கம் இருக்கிறது.

முதல் வகையில், காற்றழுத்தமே முதலில் பார்க்க வேண்டியது. இத்தகைய இயந்திரங்கள் பலவற்றுக்குச் சதுர சென்டிமீட்டருக்கு 5 முதல் 6 கிலோகிராம் வரை அழுத்தம் தேவை. இயந்திரம் ஓய்ந்திருக்கும்போது மானி சரியாகக் காட்டினும், அசைவின்போது அழுத்தம் சரிகிறதா என்று காண வேண்டும். கம்ப்ரசரிலிருந்து வரும் நீரும் பிசுபிசுத்த எண்ணெயும் சோலினாய்டு வால்வின் உள்தண்டை ஒட்டவைத்துவிடும். மழைக்காலத்தில் வடிகட்டியின் நீரை நாள்தோறும் வெளியேற்றினாலே இக்குறையைப் பெரிதும் தவிர்க்கலாம்.

இரண்டாம் வகையில், பிராக்சிமிட்டி சுவிட்சின் முகத்தில் இரும்புத் துகள் படிந்திருக்கலாம். அதிர்வால் நட்டு தளர்ந்து இடைவெளி கூடியிருக்கலாம். ஓயாது வளையும் கம்பி, உறைக்குள்ளேயே அறுந்திருக்கலாம். சுவிட்சின் விளக்கு எரிந்தும் திரையில் 0 மாறவில்லை என்றால் கம்பியை ஐயுறலாம். சுவிட்சைக் குறுக்கே இணைத்து ஏமாற்றி இயந்திரத்தை ஓட்டுவது ஆபத்தானது. காவலனின் கண்ணைக் கட்டுவதற்கு அது சமம்.

இவற்றுக்கு அப்பால் இயந்திர உறுப்புகளின் தேய்மானம் வருகிறது. பெல்ட் தளர்ந்தாலோ, நிலையுணர்த்தும் கருவி நகர்ந்தாலோ, ஸ்பிண்டில் நிற்கும் கோணம் பிசகும். கரத்தின் விரல் வெட்டுளியின் பள்ளத்தில் பொருந்தாது. வெட்டுளியின் தலையில் உள்ள புல் ஸ்டட்டுகளில் 45 பாகை, 60 பாகை எனக் கோணம் வேறுபடும். வெளித்தோற்றத்தில் ஒத்திருக்கும் தவறான ஸ்டட் ஒன்றைப் பொருத்தினால், டிராபாரின் பிடி சரியாக அமையாது.

மீண்டும் ஓடும் முன்

கரத்தை விடுவித்தவுடன் வேலை முடிந்துவிட்டதாக எண்ணுவது பெருந்தவறு. பாதியில் நின்ற மாற்றத்தின்போது, எந்தக் கிண்ணத்தில் எந்த வெட்டுளி என்னும் நினைவுப் பட்டியல் உண்மை நிலையிலிருந்து பிறழ்ந்திருக்கலாம். துளைக்கருவி என்று இயந்திரம் நம்புவது நீளமான வேறொரு வெட்டுளியாக இருந்தால், அடுத்த கட்டளையில் மோதல் நேரும். ஆகவே ஒவ்வொரு கிண்ணத்தையும் பட்டியலுடன் ஒப்பிட்ட பின்னரே, குறைந்த வேகத்தில் இயந்திரத்தை ஓட்டிப் பார்க்க வேண்டும்.

பழைய கட்டுப்பாடுகளில் பாராமீட்டர்கள் பேட்டரியின் உதவியால் நினைவில் நிற்கின்றன. பேட்டரி தீர்ந்து, மின்சாரமும் நின்றால் அவை அழிந்துபோகும். அவற்றின் நகல் இல்லாத இயந்திரம், உறுப்புகள் அனைத்தும் நலமாக இருந்தும் இரும்புக் குவியலாகவே நிற்கும்.

அறிவும் மூலதனமே

இரண்டாம் கை இயந்திரத்துடன் லேடர் வரைபடமும் மின்சுற்று வரைபடமும் வராவிட்டால், வாங்கியவர் அதன் பாதி மதிப்பை விட்டுவிட்டார் என்றே கருதலாம். கைவினைஞர் பயிற்சித் திட்டம் 1950ஆம் ஆண்டிலும் தொழில் பழகுநர் சட்டம் 1961ஆம் ஆண்டிலும் தோன்றின. பெங்களூரில் மத்திய இயந்திரக் கருவி நிறுவனம் 1962ஆம் ஆண்டில் அமைந்தது. இன்று அது மத்திய உற்பத்தித் தொழில்நுட்ப நிறுவனம் எனப் பெயர் கொண்டுள்ளது. ஆக, பயிற்சிக்கான அடித்தளம் நாட்டில் உண்டு. இயந்திரத்தை ஓட்டக் கற்பிக்கும் அளவுக்கு, நின்ற இயந்திரத்தின் திரையைப் படிக்கவும் கற்பிக்க வேண்டும்.

தொழில் உதவித் திட்டங்களை மதிப்பிடும் அலுவலர்கள், எத்தனை இயந்திரங்கள் வாங்கப்பட்டன என்று கேட்பதுடன், அவை எத்தனை மணி நேரம் ஓடின, நின்றவை எதனால் நின்றன என்றும் கேட்பது பயன் தரும். இயந்திரத்தின் அருகே ஒரு பதிவேடு, வரைபடங்களின் ஒரு நகல், பாராமீட்டர்களின் ஒரு பிரதி, மாற்றுச் சுவிட்சுகள் இரண்டு: இவற்றுக்கு ஆகும் செலவு, 6 நாள் இழப்புடன் ஒப்பிட்டால் மிகச் சொற்பம். அப்பதிவேட்டின் முதல் வரியை எழுதும் பொறுப்பு, நாளை தொழிற்கூடங்களுக்குள் நுழையவிருக்கும் மாணவர்களைச் சேர்ந்தது.