யாருடைய வீடு?

(கலந்துரையாடல் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

ஆய்வு மாணவனைப் பேசக் கூப்பிட்டால் அடிக்குறிப்பிலிருந்துதான் தொடங்குவான் என்பார்கள். நான் ஓர் இசைத் தொகுப்பிலிருந்து தொடங்குகிறேன்.

'மிட்டவுன் 120 ப்ளூஸ்' என்பது அதன் பெயர். 2008இல் ஜப்பானில் வெளியானது. 'டிஜே ஸ்பிரிங்கிள்ஸ்' என்ற பெயரில் இதைச் செய்தவர் டெர்ரே தாம்லிட்ஸ். அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் வளர்ந்து, நியூயார்க் கிளப்புகளில் இசைத்தட்டு சுழற்றி, பிறகு ஜப்பானில் குடியேறிய திருநர். அவரை ஆண்பாலில் சொல்வதா பெண்பாலில் சொல்வதா என்று ஆங்கிலத்தில் எழுதுகிறவர்கள் திண்டாடுவார்கள். நமக்கு 'அவர்' இருக்கிறது, பிழைத்தோம்.

இசை வகை டீப் ஹவுஸ். நிமிடத்துக்குச் சுமார் 120 தட்டு, அதன்மேல் மெல்லிய பியானோ, நிதானமாக நகரும் பேஸ். ஹவுஸ் என்ற பெயரே சிகாகோவின் 'வேர்ஹவுஸ்' கிளப்பிலிருந்து வந்ததாகச் சொல்வார்கள். 1977இல் திறந்த அந்த இடத்தில் ஃபிராங்கி நக்கிள்ஸ் இசைக்க, ஆடியவர்களில் பெரும்பாலோர் கறுப்பினத்தவர், லத்தீன் அமெரிக்கர், தன்பாலீர்ப்பாளர். அதே நகரத்தில்தான் 1979 ஜூலை 12 அன்று, காமிஸ்கி பார்க் விளையாட்டரங்கில், டிஸ்கோ இசைத்தட்டுகளைக் குவித்து வெடி வைத்துத் தகர்த்துக் கொண்டாடினார்கள். யாருடைய இசையை வெடிக்க வைத்தார்கள் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

பிறகு ஹவுஸ் லண்டனுக்குப் போனது, உலகம் சுற்றியது. கூடவே ஒரு வாசகமும் ஒட்டிக்கொண்டது: இது எல்லாருக்கும் பொதுவான இசை. 'இசைக்கு எல்லை இல்லை' என்று மேடைக்கு மேடை கேட்டு வளர்ந்த நமக்கு இது புதிதல்ல.

தாம்லிட்ஸ் தொகுப்பின் தொடக்கத்திலேயே இதை மறுக்கிறார். பாடி அல்ல, தாழ்ந்த குரலில் பேசி. என் சொற்களில் சொன்னால், ஹவுஸ் என்பது ஓர் ஒலி அல்ல, ஒரு வாழ்நிலை. வேலையில்லாமை, பாலியல் தொழில், கள்ளச் சந்தையில் வாங்கும் ஹார்மோன், எச்.ஐ.வி., போலீஸ் அடி, இவையெல்லாம் சேர்ந்த குறிப்பிட்ட சிலரின் வாழ்நிலை. அவர்களை உருவிவிட்டுத் தாளத்தை மட்டும் எடுத்துக்கொண்டால் அதற்குப் பெயர் பொதுமையா?

தலைப்பில் மிட்டவுன் வருவதற்குக் காரணம் உண்டு. மன்ஹாட்டன் மிட்டவுனில், டைம்ஸ் சதுக்கத்தின் அருகே, பாலியல் தொழில் செய்யும் திருநங்கையர் கூடிய 'சாலிஸ்' கிளப்பில் அவர் டிஜேவாக இருந்தவர். பெரிய நிறுவனங்களின் ஹிட் பாடலைப் போட மறுத்து அந்த வேலையை இழந்ததாக அவரே சொல்லியிருக்கிறார். 1990களில் 42ஆம் தெரு 'சீரமைக்கப்பட்டது'. டிஸ்னி வந்தது, இவர்கள் போனார்கள்.

ஒரு தடத்தின் பெயரிலேயே 'மடோனா இல்லாத பகுதி' என்று அறிவிக்கிறார். 'வோக்' நடனம் ஹார்லெமின் கறுப்பின, லத்தீன் திருநரும் தன்பாலீர்ப்பாளரும் வளர்த்தது. 1990இல் மடோனாவின் பாட்டு அதை உலகப் புகழாக்கியது. பணம் ஒரு பக்கம் கொட்டியது. அந்த அசைவுகளைக் கற்றுக்கொடுத்தவர் கையில் காசில்லாமல் தன் கண்ணெதிரே கிளப்பில் உட்கார்ந்திருந்தார் என்கிறார் தாம்லிட்ஸ். தொகுப்பில் என்னை அதிகம் தொந்தரவு செய்த இடம் இதுதான்.

தாம்லிட்ஸ் வெள்ளையர், அதைத் தாண்டிப் போக முடியாது. ஆனால் 'அவர்கள் வலியே என் வலி' என்று அவர் எங்கும் உருகுவதில்லை. அங்கே கூலிக்கு வேலை பார்த்தவராக, பார்த்ததைச் சொல்கிறார். என் புகார் வேறு. இசை அளவுக்கு மீறி அழகாக இருக்கிறது. பேச்சைக் கேட்காமலே ஆடிவிட்டுப் போகலாம். அப்படித்தான் நடந்ததோ என்னவோ, 2009இன் சிறந்த தொகுப்பு என்று 'ரெசிடென்ட் அட்வைசர்' இதற்கு முதலிடம் கொடுத்தது. அவர் சாடிய அதே சந்தையின் பாராட்டு!

தம் இசையை இணையத்தில் ஏற்றாதீர்கள் என்பது அவர் நெடுநாளாகச் சொல்லிவருவது. சிலருக்கு மட்டும் உரிய இடத்தை எல்லாருக்கும் திறந்துவிட்டால் அந்தச் சிலர் காணாமல் போவார்கள் என்று அவர் அஞ்சுகிறார். கையில் காசில்லாத ஆய்வு மாணவனுக்கு இது கசக்கிறது. யாரோ ஏற்றிய கோப்பில்தான் நானும் முதலில் கேட்டேன், ஒப்புக்கொள்கிறேன்.

இன்று ஒரு தடத்தை ஒலிக்கவிடலாமா என்று அமைப்பாளர்கள் கேட்டார்கள். இந்தக் கூட்டம் பதிவாகி இணையத்தில் ஏறும் என்பதால் மறுத்துவிட்டேன். குறுந்தகடு பையில் இருக்கிறது. கேமராவை அணைத்த பிறகு, இருப்பவர்கள் சேர்ந்து கேட்கலாம்.