படகேறும் முன் ஒரு தீவு நகரம்



மைசூர்ச் சுற்றுலா என்று நம் ஊர்களிலிருந்து கிளம்பும் வேன்கள் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் அதிக நேரம் நிற்பதில்லை. கோயிலில் ஒரு கும்பிடு, கும்பஸ் கல்லறை மாளிகையில் ஒரு படம், சங்கமத்தில் கால் நனைப்பு. அப்புறம் ரங்கனதிட்டுப் பறவைச் சரணாலயத்தில் படகு, சாயங்காலம் பிருந்தாவனம். படகுக்கு நேரமாச்சு என்று ஓட்டுநர் அவசரப்படுத்துவார். பார்சிலோனா, ஜெனோவா போன்ற மத்தியதரைக் கடல் துறைமுகங்களில் உல்லாசக் கப்பல் ஏற வருகிறவர்கள், ஏறுவதற்கு முன் கிடைக்கும் அரை நாளில் பழைய ஊருக்குள் நடந்துவிட்டு வருவார்கள். அந்தப் பழக்கத்தை நான் மிகவும் மதிக்கிறேன். ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கும் அந்த அரை நாளைக் கொடுங்கள் என்று கேட்கத்தான் இன்று வந்திருக்கிறேன்.

அரை நாளில் எல்லாவற்றையும் பார்க்க முடியாது, பார்க்கவும் வேண்டாம். ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொண்டு அதன் பின்னாலேயே போக வேண்டும். இந்த ஊரில் அது காவிரி. மைசூருக்கு வடக்கே பதினைந்து கிலோமீட்டர் தூரத்தில் ஆறு இரண்டாகப் பிரிந்து மறுபடி சேர்கிறது. நடுவில் இருக்கும் தீவுதான் ஊர். 1610இல் ராஜா உடையார் இதைக் கைப்பற்றியதிலிருந்து 1799 வரை மைசூர் அரசின் தலைநகரம் இதுதான். நாலு பக்கமும் தண்ணீர் இருந்ததால்தான் இதைத் தலைநகரமாக வைத்துக்கொண்டார்கள்.

முதலில் ரங்கநாதர் கோயில். காவிரியின் மூன்று அரங்கங்களில் இது ஆதிரங்கம். சிவனசமுத்திரம் மத்தியரங்கம், நம்முடைய திருவரங்கம் அந்த்யரங்கம். மூன்றிலும் பெருமாள் பள்ளிகொண்டிருப்பது ஆற்றின் நடுவிலுள்ள தீவில்தான். பின்னாளில் மைசூரை ஆண்ட திப்பு சுல்தானின் அரண்மனை இந்தக் கோயிலுக்குப் பக்கத்திலேயே இருந்தது. அரண்மனை இன்று இல்லை, கோயில் இருக்கிறது. கோட்டையின் மறு கோடியில், 1780களில் திப்பு கட்டிய ஜாமியா மசூதி இரண்டு உயர்ந்த மினார்களோடு நிற்கிறது.

கோயிலிலிருந்து மேற்கே நடந்தால் கோட்டையின் வடமேற்கு மூலை வரும். வேன்கள் அங்கே அவசியம் போக வேண்டும் என்பேன். ஒரு நினைவுத்தூண் தவிர அங்கே பார்க்கப் பெரிதாக ஒன்றும் இல்லை. ஆனால் மதிலோரம் நின்று ஆற்றைப் பாருங்கள். 1791 மே மாதம் கிழக்கிந்தியக் கம்பெனிப் படையோடு கார்ன்வாலிஸ் இந்தக் கோட்டைக்கு அருகே வரை வந்தார். மழை பிடித்துக்கொண்டது, தானியம் தீர்ந்தது, வண்டி மாடுகள் செத்து விழுந்தன. தான் கொண்டுவந்த முற்றுகைப் பீரங்கிகளைத் தானே உடைத்துப் போட்டுவிட்டுத் திரும்பினார். அடுத்த ஆண்டு பிப்ரவரியில் மறுபடி வந்தபோது திப்பு பாதி ராஜ்யத்தையும் பிணையாக இரண்டு பிள்ளைகளையும் கொடுக்க நேர்ந்தது. சேலம், கிருஷ்ணகிரிப் பக்கத்துப் பாராமகாலும் திண்டுக்கல்லும் கம்பெனியின் கைக்குப் போனது அந்த உடன்படிக்கையில்தான்.

1799இல் கம்பெனிப் படையோடு வந்த ஜெனரல் ஹாரிஸ் பருவமழையை மனத்தில் வைத்தே காரியம் பார்த்தார். ஆறு பெருகுவதற்குள் மதிலை உடைத்தாக வேண்டும். மே 4ஆம் தேதி, உச்சி வெயில் நேரம். படை பாறைகள் தெரியும் ஆற்றுப் படுகையில் இறங்கிக் கடந்து, மதில் உடைப்பில் ஏறிவிட்டது. சாயங்காலத்துக்குள் திப்பு இறந்துவிட்டார். முற்றுகை ஜூன் வரை நீண்டு காவிரியில் வெள்ளம் வந்திருந்தால் கதை வேறு மாதிரி போயிருக்கக்கூடும் என்று அங்கே நிற்கும்போது எனக்குத் தோன்றும். கோடையில் போகிறவர்கள் அந்தப் பாறைகளைப் பார்ப்பார்கள். ஆகஸ்டில் போகிறவர்கள் ஹாரிஸ் எதற்கு அஞ்சினார் என்பதைப் பார்ப்பார்கள்.

தாக்குதலை முன்னின்று நடத்தியவர் டேவிட் பேர்ட். இதே ஊரில் சில ஆண்டுகள் விலங்கோடு கைதியாகக் கிடந்தவர். அவர் பிடிபட்டது எங்கே தெரியுமா? நம் காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில், புள்ளலூரில், 1780 செப்டம்பர் 10ஆம் தேதி.

அந்தப் புள்ளலூர்ப் போரைச் சுவரோவியமாகப் பார்க்கத்தான் தரியா தௌலத்துக்குப் போக வேண்டும். 1784இல் திப்பு ஆற்றங்கரைத் தோட்டத்தில் தேக்கு மரத்தால் கட்டிய கோடை மாளிகை அது. வெயில் படாமல் தொங்கவிட்ட திரைகளைக் கடந்து போனால், மேற்குச் சுவர் முழுக்கப் படை, யானை, குதிரை. ஒரு பக்கம் தந்தை ஹைதரும் மகன் திப்புவும் ஊர்வலமாக வருகிறார்கள். மறு பக்கம் புள்ளலூர். சதுரமாக அணிவகுத்து நிற்கும் கம்பெனியின் சிவப்புச் சட்டைச் சிப்பாய்கள், நடுவே பல்லக்கில் காயப்பட்ட அவர்கள் தலைவர் கர்னல் பெய்லி, தலைக்கு மேலே வெடித்துச் சிதறும் மருந்து வண்டி. பெய்லிக்கு உதவ வர வேண்டிய கம்பெனித் தளபதி ஹெக்டர் மன்றோ சில மைல் தூரத்தில் காஞ்சிபுரத்தில் இருந்தும் வரவில்லை. பிறகு கனமான பீரங்கிகளைக் கோயில் குளத்தில் தள்ளிவிட்டுச் சென்னைக்கு ஓடினார்.

இந்த ஓவியர்களுக்குத் தூரத்தில் இருப்பது சிறியது, பக்கத்தில் இருப்பது பெரியது என்ற கணக்கு இல்லை. வரிசை வரிசையாக அடுக்கி, முக்கியமானவரைப் பெரிதாக்கி, ஒரு போரின் பல நாழிகைகளை ஒரே சுவரில் சொல்கிறார்கள். கண் ஒரு மூலையில் தொடங்கி ஊர்ந்துதான் போக வேண்டும். அதற்குக் குறைந்தது அரை மணி நேரம் வேண்டும். உள்ளே படம் எடுக்க விடமாட்டார்கள். அது நல்லதற்கே என்பேன். இன்று நாம் பார்க்கும் வண்ணத்தில் பின்னாளில் செய்த சீரமைப்பும் கலந்திருக்கிறது. 1799 போருக்குப் பின் கம்பெனித் தளபதி ஆர்தர் வெல்லெஸ்லி இங்கே தங்கியிருந்தார். 1850களில் கவர்னர் ஜெனரல் டல்ஹவுசி ஓவியங்களைத் திரும்ப எழுதச் செய்தார். தாங்கள் தோற்ற கதையை, பின்னால் வென்றவர்களே காப்பாற்றி வைத்திருக்கிறார்கள்.

கும்பஸுக்கும் ஒரு எட்டுப் போய் வரலாம். ஹைதர், அவர் மனைவி, மகன் திப்பு மூவரும் அங்கே அடக்கமாகியிருக்கிறார்கள். பளபளக்கும் கருங்கல் தூண்களை நின்று பாருங்கள். திப்புவின் பிள்ளைகள் இங்கிருந்து வேலூர்க் கோட்டைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். 1806 ஜூலையில் வேலூரில் வெடித்த சிப்பாய்க் கலகத்தைப் பற்றிப் படித்தவர்களுக்கு மீதிக் கதை தெரியும்.

2023இல் திறந்த பெங்களூரு–மைசூர் விரைவுச்சாலை ஊரைத் தொடாமல் சுற்றிக்கொண்டு போகிறது. அதனால் ஓட்டுநரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். காலை எட்டு மணிக்குக் கோயிலில் தொடங்கினால் வெயில் ஏறுவதற்குள் மதிலோரம் நடந்துவிடலாம், பகலில் தரியா தௌலத்தின் நிழலில் இருக்கலாம், மூன்று மணிக்கு ரங்கனதிட்டில் படகேறலாம். கோட்டையைச் சுற்றி ஓடிய அதே காவிரியில்தான் அந்தப் படகும் போகிறது. பாறைத்திட்டுகளில் முதலைகள் படுத்திருக்கும், மரங்களில் மஞ்சள்மூக்கு நாரைகளும் கரண்டிவாயன்களும் இருக்கும். மழைக்காலத்தில் மேலேயுள்ள அணையிலிருந்து தண்ணீர் அதிகம் திறந்துவிட்டால் படகை நிறுத்திவிடுவார்கள். அன்றைக்குப் படகுக்கு வைத்திருந்த நேரத்தையும் புள்ளலூர்ச் சுவருக்கே கொடுங்கள்.