கைத்தொலைபேசிக்குள் ஒரு விரிவுரைக் கூடம்

(ஜித்ரா வட்டாரத் தோட்டப் பெற்றோர், இளைஞர் முன்னிலையில் நிகழ்த்திய உரை)



“கைத்தொலைபேசியைக் கீழே வை, புத்தகத்தை எடு” என்று பிள்ளைகளைக் கண்டிக்காத பெற்றோர் இங்கு இருக்க முடியாது. நாமும் அவ்வாறு கண்டித்தவர்களே. ஆனால், உயர்கல்வி பயிலும் பிள்ளைக்குப் பாடமே இன்று அக்கருவி வழியாகத்தான் வந்து சேருகின்றது என்பதை நம்மில் பலர் இன்னும் உணரவில்லை.

நமது வட்டாரம் உயர்கல்விக்குப் புதியதன்று. 1984ஆம் ஆண்டு தோன்றிய உத்தாரா மலேசியப் பல்கலைக்கழகம், 1990இல் சிந்தோக்கிற்குச் செல்லுமுன் இங்கே ஜித்ராவில்தான் தற்காலிகமாக இயங்கி வந்தது. தொலைவிலிருந்து பயில்வதும் புதியதன்று. பினாங்கிலுள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் 1971இலேயே தொலைக்கல்வியைத் தொடங்கிற்று. அக்காலத்தில் ஐயம் எழுந்தால் கடிதம் எழுதிவிட்டு அஞ்சல்காரர் வரவை நோக்கிக் காத்திருக்க வேண்டும். அக்காத்திருப்பைத்தான் சமூக ஊடகம் போக்கியது. முகநூலும் 2004இல் ஓர் அமெரிக்கப் பல்கலைக்கழக மாணவர்களிடையே தோன்றியதே.

நம் நாட்டில் இது கட்டாயமானது நடமாட்டக் கட்டுப்பாட்டுக் காலத்தில். 2020 மார்ச் 18ஆம் நாள் ஆணை நடப்புக்கு வந்தது. விரிவுரைக் கூடங்கள் மூடப்பட்டன. விரிவுரையாளர்கள் புலனத்திலும் டெலிகிராமிலும் குழு அமைத்துப் பாடம் நடத்தினர். அவ்வாண்டு ஜூன் மாதம் சபாவில் ஒரு மாணவி, அலைவரிசை கிடைக்காமல் மரத்தின்மீது ஏறி அமர்ந்து தேர்வெழுதிய செய்தியை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். கட்டுப்பாடு நீங்கியபின்னும் அக்குழுக்கள் நீங்கவில்லை.

அவற்றால் விளைந்த நன்மையை, ஆசிரியப் பயிற்சி பெற்றவர் என்ற முறையில் நாம் அறிவோம். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் பயின்று சென்ற பிள்ளை, நூறு பேர் கூடிய மண்டபத்தில் எழுந்து மலாயிலோ ஆங்கிலத்திலோ வினாத் தொடுக்கக் கூசும். பிழைபட்டால் நகைப்பார்களே என்னும் அச்சம்! அதே பிள்ளை, விரிவுரையாளர் மாலையில் குழுவில் இட்ட வினாவுக்கு இரவெல்லாம் எண்ணி, எழுதித் திருத்தி, விடை அனுப்புகின்றது. மற்றொரு மாணவர் அதை மறுக்கிறார், மூன்றாமவர் விளக்குகிறார். வகுப்பில் வாய் திறவாதவர் அங்கே பேசுகின்றார். கற்பித்தல் என்பது அதுவே. வெறும் அறிவிப்புப் பலகையாக மட்டும் குழுவை வைத்திருக்கும் விரிவுரையாளர் அதன் பயனில் பாதியை இழக்கின்றார் என்போம்.

இடரும் உண்டு. நாம் அறிந்த ஒரு தோட்டக் குடும்பத்தில் மூன்று பிள்ளைகளுக்கு ஒரே கைத்தொலைபேசி. இரவு ஒன்பது மணியானால் தந்தை அதை வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டிவிடுவார். ஒரு நாள் இரவு பத்து மணிக்கு மேல், மூத்த மகளின் இடுபணியை ஒப்படைக்கும் நாள் முன்னதாக மாற்றப்பட்டதாகக் குழுவில் செய்தி வந்தது. அதன்கீழ் “நன்றி ஐயா”, “நன்றி ஐயா” என்று ஐம்பதுக்கு மேற்பட்ட மறுமொழிகள். (இந்த நன்றிக்கு ஒரு வரம்பு வேண்டும்!) மறுநாள் அவள் திறந்தபோது செய்தி எங்கோ மேலே புதைந்து கிடந்தது. அவள் பார்க்கவில்லை, மதிப்பெண் போயிற்று.

தந்தை மீதோ மகள் மீதோ குற்றமில்லை. பிரட்டுக் களத்தில் கூடப் பெயர் கூப்பிட்டபின்தான் வேலை சொல்வார்கள். வராதவர் யார் என்பது அங்கே தெரிந்துவிடும். குழுவிலோ வராதவர் கண்ணுக்குத் தெரிவதில்லை. எனவே, தவணைத் தொடக்கத்திலேயே உங்கள் பிள்ளை விரிவுரையாளரிடம் கேட்டறியட்டும்: தேதி, மதிப்பெண் போன்றவை கல்லூரியின் சொந்த இணையத்தளத்திலும் வெளிவருமா? குழுவில் மட்டுமாயின், அலைவரிசையற்ற தோட்டத்துப் பிள்ளை என்ன செய்வது? இப்படிக் கேட்பது மரியாதைக் குறைவன்று, மாணவரின் உரிமை.

பெண்பிள்ளைகளைப் பெற்றோர் வேறொன்றும் கேட்கின்றனர். புலனக் குழுவில் சேர்ந்தால் தொலைபேசி எண் எல்லோருக்கும் தெரியும். டெலிகிராமில் எண்ணை மறைத்துக்கொள்ளலாம். பிந்திச் சேர்ந்தவரும் முந்திய பாடங்களைப் படிக்கலாம். அதற்கான அமைப்பை மாற்றிக் கொடுக்கப் பிள்ளைகளே அறிவர்.

அக்குடும்பத்தில் அலமாரி இன்றும் பூட்டப்படுகின்றது. ஆனால் ஒன்பது மணிக்கன்று. மகள் பத்தரை மணிக்குக் குழுவை ஒருமுறை பார்த்துவிட்டுத் தந்தையிடம் கொடுத்த பின்பே.