காணாமல் போன "ஒருவேளை"

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

சங்கச் செயலாளர் போன் செய்து, "பதினைந்து நிமிஷம் பேசுப்பா, பசங்களுக்கு உபயோகமா ஏதாவது சொல்லு" என்றார். கிரேக்கத் தத்துவம் படித்த கதையைச் சொல்கிறேன் சார் என்றேன். கொஞ்ச நேரம் மறுமுனையில் சத்தமே இல்லை. "வேலைக்கு உதவுற மாதிரி..." என்று இழுத்தார். "அதுவும் இதுலயே வருது சார்" என்று சொன்னேன். சொன்ன சொல்லைக் காப்பாற்ற முயல்கிறேன்.

கதை இதே மேடையில்தான் ஆரம்பித்தது. இரண்டாம் ஆண்டில் இங்கே ஒரு பேச்சுப் போட்டி. தனக்கு ஒன்றும் தெரியாது என்பது ஒன்றுதான் தனக்குத் தெரியும் என்று சாக்ரடீஸ் சொன்னதாக முழங்கினேன். நல்ல கைதட்டல். கீழே இறங்கியதும் ஆங்கிலம் எடுத்த பேராசிரியர் கூப்பிட்டார். "தம்பி, இதை சாக்ரடீஸ் எங்கே சொன்னார்?"

"எல்லாரும் சொல்றாங்க சார்."

"எல்லாரும் சொல்றாங்கன்னா, யார் சொல்றா?"

எனக்கு முகம் சுருங்கிப் போயிற்று. அன்றைக்கு அவர் மேல் கோபம்கூட வந்தது. ஆனால் அந்தக் கேள்விதான் இன்றுவரை எனக்குச் சோறு போடுகிறது.

அப்புறம் ஒருநாள் மூலக்கடைப் பக்கம் ஒரு பழைய பேப்பர் கடையில், எடைக்குப் போட்ட புத்தகக் கட்டில், வெ. சாமிநாத சர்மா தமிழில் தந்த "பிளேட்டோவின் அரசியல்" கிடைத்தது. 1895-இல் பிறந்து 1978-இல் மறைந்த சர்மா, ரங்கூனில் "ஜோதி" பத்திரிகையை நடத்தியவர். 1942-இல் யுத்தத்தின்போது பர்மாவிலிருந்து நடந்தே இந்தியா வந்து, அந்தப் பயணத்தையும் நூலாக எழுதியவர். கிரேக்க தேசத்தின் வரலாற்றையும் சிந்தனையையும் தமிழ் வாசகனின் கைக்குக் கொண்டு வந்தவர்களில் முக்கியமானவர். அவர் வழியாகத்தான் உள்ளே நுழைந்தேன். நுழைந்த பிறகு, பேராசிரியரின் கேள்வி விடவில்லை. கன்னிமாரா நூலகத்தில் உட்கார்ந்து, கடந்த நூறு, நூற்றைம்பது ஆண்டுகளில் அறிஞர்கள் எழுதியதைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

முதலில் தெரிந்த விஷயமே தூக்கிவாரிப் போட்டது. சாக்ரடீஸ் ஒரு வரிகூட எழுதவில்லை. கி.மு. 399-இல் அவருக்கு விஷம் கொடுத்தார்கள். அவரைப் பற்றி நமக்குச் சொல்வோர் முக்கியமாக நாலு பேர். அரிஸ்டோஃபனீஸ் அவரைக் கேலி செய்து நாடகம் எழுதினார். பிளேட்டோவும் ஸெனஃபனும் அவரிடம் பழகியவர்கள். அரிஸ்டாட்டில் பிறந்ததோ சாக்ரடீஸ் இறந்து பதினைந்து ஆண்டுகள் கழித்து! நாலு பேர் காட்டுவதும் ஒரே ஆளாக இல்லை. நான் மேடையில் முழங்கிய வாக்கியம், அந்தச் சொற்களில், பிளேட்டோவிடம் இல்லவே இல்லை. நீதிமன்ற உரையில் அவர் சொல்வது இன்னும் அடக்கமானது, இன்னும் கூர்மையானது. அறிவாளி என்று பேரெடுத்த ஒருவரைச் சோதித்துப் பார்த்ததாகவும், அவர் தெரியாததைத் தெரியும் என்று நினைப்பதாகவும், தான் அப்படி நினைப்பதில்லை என்பதால் அந்தச் சிறு அளவுக்குத் தான் மேல் என்றும் சொல்கிறார். அவ்வளவுதான். மீதியைச் சேர்த்தது ஊர் வாய்.

அடுத்தது தேலீஸ். எல்லாவற்றிற்கும் மூலம் நீர் என்று சொன்ன முதல் தத்துவஞானி என்று படித்திருப்பீர்கள். தேலீஸ் எழுதியதாக நம்பத்தகுந்த ஒரு வரியும் நம் கையில் இல்லை. அவருக்கு இருநூறு ஆண்டுகளுக்குப் பின் வந்த அரிஸ்டாட்டில் சொல்லித்தான் தெரியும். தேலீஸ் ஏன் நீரைத் தேர்ந்தார் என்பதற்கு, உயிர்களின் உணவெல்லாம் ஈரமாக இருப்பதைக் கண்டிருக்கலாம் என்று ஒரு காரணம் சொல்லும்போது, அரிஸ்டாட்டில் "ஒருவேளை" என்ற பொருள் தரும் சொல்லைப் போடுகிறார். காந்தக்கல் பற்றி தேலீஸ் சொன்னதைக் குறிப்பிடும் இன்னோர் இடத்திலும், பிறர் நினைவாகச் சொல்வதை வைத்து என்று ஜாக்கிரதையாகத்தான் பேசுகிறார். ஆனால் கைமாறிக் கைமாறி நம் பொது அறிவுப் புத்தகத்துக்கு வரும்போது அந்த "ஒருவேளை" உதிர்ந்துவிடுகிறது. அடித்துச் சொன்ன உண்மையாகி உட்கார்ந்துகொள்கிறது.

ஜெர்மானிய அறிஞர் ஹெர்மன் டீல்ஸ் 1903-இல் இதற்கு ஒரு வழி செய்தார். சாக்ரடீஸுக்கு முந்தியவர்கள் பற்றிக் கிடைத்த எல்லாவற்றையும் திரட்டி, ஒவ்வொருவருக்கும் இரண்டு பட்டியல் போட்டார். "ஏ" பட்டியலில் அவரைப் பற்றிப் பிறர் சொன்னவை. "பி" பட்டியலில் அவரே சொன்ன சொற்கள் என்று கருதத்தக்கவை. பின்னால் வால்தர் கிரான்ஸ் அதைத் திருத்தி விரிவாக்கினார். ஹெராக்ளிட்டஸுக்கு "பி"யில் நூற்றுக்கு மேல் துணுக்குகள். அனாக்ஸிமாந்தருக்கு அவருடைய சொற்கள் என்று நம்பக்கூடியது ஏறக்குறைய ஒரே வாக்கியம். அதைக் காப்பாற்றிக் கொடுத்தவர் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் கழித்து, கி.பி. 6-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த சிம்ப்ளீசியஸ் என்ற உரைகாரர். அதே மனிதர் பார்மெனிடீஸின் பாடல் வரிகளையும் நீளமாகப் படியெடுத்து வைத்தார். அந்தப் புத்தகம் அரிதாகிவிட்டது, அதனால்தான் என்று காரணமும் எழுதி வைத்தார். படிக்கும்போது எனக்குக் கண் கலங்கியது.

நமக்கு இது புதிதல்ல. யாப்பருங்கல விருத்தி போன்ற உரைகளில், முழுதாகக் கிடைக்காத எத்தனையோ நூல்களின் பாட்டுகள் மேற்கோளாகத்தானே பிழைத்திருக்கின்றன? தகடூர் யாத்திரையின் செய்யுள்கள் சில புறத்திரட்டில் இருப்பதால்தான் நமக்குத் தெரியும். மயிலை சீனி. வேங்கடசாமி "மறைந்துபோன தமிழ் நூல்கள்" என்று இவற்றைத் தேடித் தொகுத்தார். டீல்ஸ் செய்த வேலையைப் பார்த்தபோது எனக்கு முதலில் ஞாபகம் வந்தவர் அவர்தான்.

சரி, செயலாளருக்குக் கொடுத்த வாக்குக்கு வருகிறேன். நம் வட சென்னைத் தொழிற்பேட்டைப் பகுதியில் ஒரு தொழிற்சாலையில் பராமரிப்புப் பிரிவில் இருந்தேன். உயரத்தில் போகும் நீராவிக் குழாய்க்கு வருஷா வருஷம் சுவர்த் தடிப்பு அளந்து ரிப்போர்ட் எழுத வேண்டும். ஒரு ராத்திரி தேலீஸ் பற்றிய அந்த "ஒருவேளை"யைப் படித்துவிட்டுப் படுத்தேன். தூக்கம் வரவில்லை. மறுநாள் போய்ப் பழைய ரிப்போர்ட்டுகளை அடுக்கி வைத்துப் பார்த்தேன். மேல் வளைவில் மூன்று வருஷமும் ஒரே எண். தசமப் புள்ளிக்கு அப்புறம்கூட மாற்றமில்லை. மூன்று வருஷம் ஆவி ஓடிய இரும்பு துளிகூடத் தேயாதா?

முதல் வருஷ ரிப்போர்ட்டின் அடியில் பேனாவால் ஒரு குறிப்பு: சாரம் கட்டவில்லை, கைக்கு எட்டிய இடத்தில் எடுத்தது, தோராயம். இரண்டாம் வருஷம் எண் மட்டும் வந்திருந்தது, குறிப்பு வரவில்லை. மூன்றாம் வருஷமும் அப்படியே. இதில் யாரையும் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. ஏனென்றால் இரண்டாம் வருஷக் கையெழுத்து என்னுடையது.

சாரம் கட்டி அளக்க வேண்டும் என்று கேட்டேன். "எல்லாம் ரிப்போர்ட்ல இருக்கேப்பா" என்றார்கள். ரிப்போர்ட்டில் இருப்பது யார் அளந்தது, எங்கே அளந்தது என்று திருப்பிக் கேட்டேன். கொஞ்சம் மனஸ்தாபம்தான். கடைசியில் கட்டினார்கள். வளைவின் வெளிப்பக்கம் எழுதியிருந்த அளவில் பாதிகூட இல்லை. அன்றைக்கே லைனை நிறுத்தி மாற்றினோம். அந்த வளைவுக்கு நேர் கீழேதான் கான்ட்ராக்ட் ஆட்கள் மத்தியானம் டிபன் பாக்ஸைத் திறந்து உட்காருவார்கள். அதற்கு மேல் நான் சொல்ல வேண்டியதில்லை.

இன்னொரு விஷயம். நான் பிறந்து வளர்ந்தது கொடுங்கையூர். ஊரைச் சொன்னால் உடனே, "ஓ, குப்பை மேடா?" என்பார்கள். எகிப்தில் ஆக்ஸிரிங்கஸ் என்று ஓர் ஊர். அதன் பழைய குப்பை மேட்டை 1896-97 குளிர்காலத்தில் கிரென்ஃபெல், ஹன்ட் என்ற இரண்டு ஆங்கிலேயர்கள் தோண்ட ஆரம்பித்தார்கள். ஊரார் வேண்டாம் என்று எறிந்த பாப்பிரஸ் காகிதங்கள் கட்டுக்கட்டாக வந்தன. ரசீது, கடிதம், கணக்கு, நடுவே காணாமல் போன இலக்கியம், தத்துவம்! 1898 முதல் அவற்றை வெளியிட்டு வருகிறார்கள், எண்பது தொகுதிகளுக்கு மேல் வந்தும் இன்னும் முடிந்தபாடில்லை.

1915-இல் வெளியான ஒரு துண்டு, ஆன்டிஃபோன் எழுதிய "உண்மை பற்றி" என்ற நூலினுடையது. கிரேக்கரும் கிரேக்கர் அல்லாதவரும் இயற்கையில் ஒன்றுபோலத்தான் பிறக்கிறோம், எல்லாரும் வாயாலும் மூக்காலும்தான் மூச்சு விடுகிறோம் என்கிறார். குப்பை மேடு எரிந்த ராத்திரிகளில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு இருமிய எனக்கு, அந்த வரி ஏன் பிடித்தது என்று சொல்லவா வேண்டும்?

ஆனால் அதிலும் ஒரு பாடம் இருந்தது. அதற்கு முந்தின வரியில் காகிதம் கிழிந்திருந்தது. உயர்ந்த குடியில் பிறந்தவரை மதிக்கிறோம், மற்றவரை மதிப்பதில்லை என்று ஆசிரியர் கண்டிப்பதாக ஊகித்து, அறிஞர்கள் இடைவெளியை நிரப்பினார்கள். பல புத்தகங்களிலும் அப்படியே ஏறியது. 1984-இல் அதே குப்பை மேட்டிலிருந்து வந்த இன்னொரு துண்டு வெளியானது. பழைய துண்டோடு அது பொருந்தியது. அங்கே இருந்தது குடிப்பிறப்பு அல்ல! பக்கத்தில் இருப்பவர்களின் வழக்கங்களை அறிந்து மதிக்கிறோம், தூரத்தில் இருப்பவர்களுடையதை அறிவதுமில்லை, மதிப்பதுமில்லை என்பதே அங்குள்ள கருத்து.

ஜாதியைப் பார்த்து வளர்ந்த நமக்கு, முதலில் ஊகித்ததுதான் இனிக்கும். எனக்கும் அதை விட மனசு வரவில்லை. ஆனாலும் விடத்தான் வேண்டும். நமக்குப் பிடித்த கருத்து என்பதற்காக ஒருவர் வாயில் அதைத் திணிக்கக் கூடாது. பிறப்பில் எல்லாரும் ஒன்று என்ற பகுதி அப்படியே நிற்கிறது. அது நமக்குப் போதும்.

கொடுங்கையூரிலும் பழைய குப்பையைத் தோண்டிப் பிரிக்கும் வேலையை மாநகராட்சி தொடங்கியிருக்கிறது. நம் குப்பையிலிருந்து தத்துவம் வராது, பிளாஸ்டிக்தான் வரும். ஆனால் அங்கே பிறந்தவனுக்குத் தத்துவம் வராது என்று மட்டும் யாரும் சொல்ல வேண்டாம்!

தம்பி தங்கைகளே, படிக்க ஆசை இருந்தால் பிளேட்டோ எழுதிய சாக்ரடீஸின் நீதிமன்ற உரையில் தொடங்குங்கள். சின்ன நூல்தான். ஓரத்தில் எண்களும் எழுத்துகளும் இருக்கும். அவை 1578-இல் ஸ்டெஃபானுஸ் என்பவர் அச்சிட்ட பதிப்பின் பக்க எண்கள். எந்த மொழிபெயர்ப்பிலும் அதே எண்தான், நம் டிராயிங் நம்பர் மாதிரி. யாராவது பிளேட்டோ சொன்னார் என்றால் எண்ணைக் கேளுங்கள். தேலீஸ் காலத்துக்குப் போக வேண்டுமானால் கிர்க், ரேவன், ஸ்கோஃபீல்ட் மூவரும் செய்த தொகுப்பு நல்ல துணை. கிரேக்க மூலமும் மொழிபெயர்ப்பும் விளக்கமும் ஒன்றாக இருக்கும். பிறகு, ஒத்துப்போகாத இரண்டு அறிஞர்களைப் படியுங்கள். பிளேட்டோவின் ஆரம்ப உரையாடல்களில் உண்மையான சாக்ரடீஸைக் காணலாம் என்று 1991-இல் கிரிகரி விளாஸ்டாஸ் எழுதினார். அப்படிப் பிரித்துவிட முடியாது என்று 1996-இல் சார்ல்ஸ் கான் எழுதினார். யார் ஜெயித்தார் என்பதைவிட, ஒவ்வொருவரும் எதைக் காட்டிப் பேசுகிறார் என்று கவனியுங்கள். பெரிய அறிஞர் என்பதற்காகத் தலையாட்டவும் வேண்டாம். நிரப்பிய வரி 1984 வரை நின்றதைப் பார்த்தோமே.

நாளைக்கு நீங்கள் ஒரு ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடுவீர்கள். அதற்கு முன் ஒரு நிமிஷம் நின்று, இதில் எது "ஏ", எது "பி", எங்கேயாவது ஒரு "ஒருவேளை" உதிர்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.

அன்றைக்கு என்னைக் கூப்பிட்டுக் கேட்ட பேராசிரியர் இன்று முதல் வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். சார், அந்த வாக்கியத்தை, அந்தச் சொற்களில், பிளேட்டோவின் சாக்ரடீஸ் எங்கேயும் சொல்லவில்லை. பதில் சொல்லக் கொஞ்சம் தாமதமாகிவிட்டது, மன்னிக்க வேண்டும்.