வாவியிலே ஓர் இசை

மட்டக்களப்புக்கு வருவோர் முதலில் விசாரிப்பது பாடும் மீனைத்தான். 1638இல் ஒல்லாந்தர் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றிய கோட்டையை அரைமணியில் பார்த்துவிடலாம்; வாவிக்கு அவசரம் ஆகாது. பூரணை இரவில் கல்லடிப் பழைய பாலத்தருகே தோணியை நிறுத்தி, சவளை நீரில் ஊன்றி, மறுமுனையில் காதை வையுங்கள். சிறுவயதில் அப்பா எனக்கு அப்படித்தான் கேட்பித்தார். தம்புரா மீட்டுவதுபோல் இருந்தது. மீன் என்பாரும் உளர். ஊரி என்பாரும் உளர். அவ்வொலியை நீரர மகளிரின் இசையாகப் பாடிய விபுலாநந்த அடிகள், 1947இல் யாழ்நூலைத் தந்தவர், அருகே சிவானந்தா வளவில்தான் துயில்கிறார்.

சென்ற ஆண்டு என் மாணவரை அழைத்துப் போனேன். ஒருவருக்கும் கேட்கவில்லை, 2013இல் திறந்த புதுப்பாலத்தின் வாகன இரைச்சல். "சேர், நீங்க மெய்யாக் கேட்டீங்களா?" என்றான் ஒருவன். வரும் பூரணைக்கு, நள்ளிரவு கழித்து, தோணிக்காரரிடம் சொல்லிவைத்திருக்கிறேன்.