ஒரு வினைச்சொல் படுத்திய பாடு



அரியலூர் தனி மாவட்டமான 2007-ஆம் ஆண்டில்தான் நான் இந்தக் கல்லூரிக்கு வந்தேன். பெரம்பலூர்ப் பக்கம் சின்ன வெங்காயம் போடுகிற குடும்பம். பன்னிரண்டாவது வரை தமிழ் வழி. வகுப்பில் ஆங்கிலத்தில் ஜோக் சொன்னால் பக்கத்துப் பையன் சிரித்த பிறகுதான் நான் சிரிப்பேன்.

படிப்பு முடிந்து ஒரு சிமெண்ட் ஆலையில் வேலை. மூன்றாம் மாதம் ஒரு நாள், ஷிஃப்ட் நோட்டில் 'கன்வேயர் ஷட்டவுன் புட் ஆஃப் டில் தர்ஸ்டே' என்று எழுதியிருந்தது. 'லைட்டை புட் ஆஃப் பண்ணு' என்று கேட்டே வளர்ந்தவன் நான். வியாழக்கிழமை வரை கன்வேயர் ஓடாது என்று எடுத்துக்கொண்டேன். பெல்ட்டும் அப்போது நின்றுதான் இருந்தது. ரோலர் மாற்ற ஃபிட்டரை மேலே ஏறச் சொன்னேன். எட்டாவது வரை படித்த, வயதில் மூத்த மனிதர். "பேனல்ல பூட்டுப் போடாம ஏற மாட்டேன் சார்" என்றார். எனக்குக் கோபம்கூட வந்தது. இருவரும் பேனலை நோக்கி நடக்கும்போதே பெல்ட் சுண்ணாம்புக்கல்லோடு ஓட ஆரம்பித்துவிட்டது. பராமரிப்புக்காக நிறுத்துவதை வியாழனுக்குத் தள்ளிப்போட்டிருக்கிறார்கள். அதுதான் அந்தக் குறிப்பின் அர்த்தம். அன்றிரவு எனக்குச் சோறு இறங்கவில்லை.

'புட்' தெரியும், 'ஆஃப்' தெரியும், சேர்ந்தால் தெரியவில்லை. ஆனால் இது நமக்குப் புதிதா என்ன? 'மாட்டிவிட்டுட்டான்', 'போட்டுக் கொடுத்துட்டான்' என்கிறோமே, அதில் போடுவது எங்கே, கொடுப்பது எங்கே? ஒரு வெள்ளைக்காரர் அகராதியைப் பார்த்தால் திணறத்தான் செய்வார்.

அதன் பிறகுதான் ஹார்ன்பியின் அகராதியை வாங்கினேன். ஜப்பானில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தவர் அவர். ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாதவர்களுக்கென்றே நண்பர்களுடன் தொகுத்து, 1942-இல் டோக்கியோவில் வெளிவந்தது. 1948-இல் ஆக்ஸ்ஃபோர்டு வெளியிட்டது. வினைக்குப் பொருள் மட்டுமல்ல, அதன் பின்னால் என்ன வரும் என்பதும் அதில் இருக்கும். 'பற்றி' என்று தமிழில் நினைத்து 'டிஸ்கஸ் அபௌட்' என்கிறோம். 'எனக்கு விளக்குங்கள்' என்பதை 'எக்ஸ்ப்ளெயின் மீ' ஆக்குகிறோம். முன்னதில் 'அபௌட்' வேண்டாம், பின்னதில் 'டு' வேண்டும். நான் பொருளை மட்டும் மனப்பாடம் செய்வதை விட்டேன். வினைக்கு ஒரு முழு வாக்கியம் என்று தினம் ஐந்து எழுதினேன், அதுவும் ஆலையில் காதில் விழுந்ததாக. 'தி மோட்டார் ட்ரிப்டு' என்றால் மோட்டார் சுற்றுலா போகவில்லை என்பதெல்லாம் அப்படித்தான் தெரிந்தது!

அந்த நோட்டையும் அகராதியையும் நம் நூலகத்துக்குக் கொண்டுவந்திருக்கிறேன். அகராதியில் 'புட்' வரும் பக்கம் கொஞ்சம் கிழிந்திருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.