மணிக்கட்டில் ஓர் உயரமானி



விமானத்திலிருந்து 13,000 அடி உயரத்தில் குதிக்கும் ஒருவருக்குப் பாராசூட்டை விரிக்கும்வரை ஏறத்தாழ ஒரு நிமிடம் இருக்கிறது. வயிறு தரையை நோக்கியிருக்கக் கைகால்களை விரித்து விழும்போது வேகம் மணிக்கு 190 கிலோமீட்டர். ஐந்தரை வினாடிக்கு 1,000 அடி போய்விடும். தலைகீழாக விழுந்தால் அந்த ஒரு நிமிடம் முக்கால் நிமிடமாகச் சுருங்கும். இதெல்லாம் கண்ணுக்குத் தெரிவதில்லை என்பதுதான் சங்கடம். மேலே இருக்கும்வரை தரை நெருங்குவதாகவே தோன்றாது, மிதப்பதுபோல் இருக்கும். தரை விரிந்து பாய்ந்து வருவதைக் கண் உணரும் நேரத்தில், பாராசூட் விரிந்திருக்க வேண்டிய உயரம் கடந்து போயிருக்கும்.

அதனால்தான் ஸ்கைடைவிங் செய்பவர்கள் உயரமானியை, அவர்கள் பேச்சில் ஆல்டிமீட்டரை, கட்டிக்கொண்டு குதிக்கிறார்கள். முதல் பாராசூட் கைவிட்டால் உதவும் ரிசர்வ் பாராசூட்டை வயிற்றின்மேல் கட்டிக்கொண்ட காலத்தில் அதன் மேலேயே ஒரு சிறு பலகையில் உயரமானியும் ஸ்டாப்வாட்சும் இருக்கும். இன்று அது மணிக்கட்டுக்கு வந்துவிட்டது. முள் சுற்றும் பழைய வகையா, எண் காட்டும் டிஜிட்டல் வகையா என்பதுதான் வாங்கப் போகிறவரின் கேள்வி.

இரண்டும் அளப்பது காற்றழுத்தத்தைத்தான். 13,000 அடியில் அது கடல்மட்டத்து அழுத்தத்தில் ஐந்தில் மூன்று பங்குதான். முள் கருவியில் ஒரு மெல்லிய உலோகப் பெட்டி அழுத்தம் குறையக் குறைய விரிந்து முள்ளை நகர்த்துகிறது. டிஜிட்டல் கருவியில் ஒரு சின்னஞ்சிறு சென்சார், ஒரு சில்லு, ஒரு திரை. அமெரிக்காவில் ஃபுளோரிடாவின் டிலேண்ட் ஊரிலுள்ள ஆல்டி-2, டென்மார்க்கின் எல் அண்ட் பி ஆகிய நிறுவனங்களின் கருவிகளைக் குதிதளங்களில் நிறையப் பார்க்கலாம்.

எண் துல்லியமானது, ஆகவே எண்தான் மேல் என்று தோன்றும். எனக்கு அதில் முழுச் சம்மதம் இல்லை. விழுந்துகொண்டிருப்பவர் மணிக்கட்டைப் பார்ப்பது அரை வினாடி. அதற்குள் 90 அடி கீழே போய்விடுவார். அங்கே 8,640 என்ற எண்ணின் கடைசி இரண்டு இலக்கத்துக்கு என்ன வேலை? முள்ளை யாரும் வாசிப்பதில்லை, சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்பதுபோல் அது நிற்கும் திசையைப் பார்க்கிறார்கள். முகப்பில் விரிக்க வேண்டிய உயரத்தை ஒட்டி மஞ்சளும் அதற்குக் கீழே சிவப்பும் தீட்டியிருக்கும். பதறிய மனசுக்கும் சிவப்பு புரியும். டிஜிட்டல் திரையிலோ ஒவ்வொரு இலக்கமும் ஏழு கோடுகளால் ஆனது. 8 என்ற இலக்கத்தில் ஒரு கோடு பழுதானால் அது 6 ஆகவோ 9 ஆகவோ 0 ஆகவோ மாறிவிடும், பார்ப்பவருக்குச் சந்தேகமே வராது. முள் நின்றுபோனால் அடுத்த பார்வையிலேயே தெரிந்துவிடும்.

முள்ளுக்கும் ஒரு குறும்பு உண்டு. ஒரு முழுச் சுற்று 12,000 அடி என்று அமைந்த கருவியில், 13,000 அடியில் முள் 1 என்ற இடத்தில் நிற்கும். புதிதாகக் கற்பவர் வயிற்றைக் கலக்கும் காட்சி அது!

டிஜிட்டல் கருவி தன் பெருமையைக் காட்டுவது பாராசூட் விரிந்த பிறகு. இறங்கும் வழியை வகுக்கும்போது காற்றோடு செல்லும் பகுதியை 1,000 அடியில் தொடங்கி, 600 அடியில் குறுக்கே திரும்பி, 300 அடியில் காற்றை எதிர்கொண்டு கடைசித் திருப்பம் எடுப்பது பல பள்ளிகளின் பாடம். முள் முகப்பில் 100 அடி என்பது மயிரிழை, அதை வைத்து எதுவும் செய்ய முடியாது. சிறிய வேகமான பாராசூட்டில் தாழ்வாகத் திரும்பி, தரையை ஒட்டிச் சறுக்கி இறங்குகிறவர்களுக்கு 50 அடி வித்தியாசமே காலை முறிக்கப் போதும். அவர்களுக்கு எண் காட்டும் கருவி கட்டாயம். குதித்த உயரம், விரித்த உயரம், வேகம் எல்லாவற்றையும் அது பதிந்துவைக்கும். 3,500 அடியில் விரித்தேன் என்று தரையில் சொல்பவரை 2,700 என்று திருத்தும் சாட்சி அது.

இன்னொரு வசதியும் உண்டு. முள் கருவியைத் தரையில் கையால் திருகிச் சுழிக்குக் கொண்டுவர வேண்டும். வானிலை மாறி அழுத்தம் 3 ஹெக்டோபாஸ்கல் இறங்கினாலே 80 அடி பிசகும். டிஜிட்டல் கருவி தரையில் இருக்கும்வரை தானே சுழியைச் சரிசெய்துகொள்ளும். பொறியும் அங்கேயே இருக்கிறது. கிளம்பிய இடத்தைத்தான் அது தரை என்று நினைக்கும். இறங்கும் மைதானம் 300 அடி மேட்டில் இருந்தால், அந்த வித்தியாசத்தை நாம்தான் அதற்குச் சொல்லித்தர வேண்டும். விமானியின் உயரமானியோடு ஒப்பிட்டுக் குழம்பவும் கூடாது. கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 5,000 அடி மேலே இருக்கும் கொலராடோவின் லாங்மான்ட் தளத்தில், விமானி 18,000 என்று காணும்போது குதிப்பவர் கையில் 13,000 இருக்கும். இரண்டும் சரி.

மல்லாந்து விழும்போது கருவி உடலின் மறைவில், காற்று சுழலும் இடத்தில் மாட்டிக்கொண்டால் அங்கே அழுத்தம் குறைவு. உண்மையைவிட நூற்றுக்கணக்கான அடி உயரே இருப்பதாகக் காட்டும். ஆபத்தான திசையில் நேரும் பிழை இது. முள்ளானாலும் எண்ணானாலும் இதிலிருந்து தப்பாது.

ஹெல்மெட்டுக்குள் வைக்கும் ஒலிக்கருவி, குறித்த உயரங்களில் கீச்சிடும். நல்ல துணைதான், ஆனால் காற்றின் இரைச்சலில் காதில் விழாமல் போகலாம். ஜெர்மனியின் ஏர்டெக் நிறுவனம் 1991 இல் கொண்டுவந்த சைப்ரஸ் என்ற கருவி, விரிக்காமலே 750 அடிக்கு வந்துவிட்டவருக்கு ரிசர்வ் பாராசூட்டைத் தானே திறந்துவிடும். அதை நம்பிக் குதிக்கக் கூடாது.

என் யோசனை இதுதான். முதன்முதலாகக் கற்பவர் முள்ளோடு பழகட்டும். அமெரிக்கப் பாராசூட் சங்கத்தின் விதிப்படி மாணவர் 3,000 அடிக்குக் கீழே விரிக்கக் கூடாது. அந்த எல்லையை வண்ணத்திலேயே காட்டும் கருவி அவருக்குப் போதும். பிறகு டிஜிட்டல் வாங்கும்போது கடையின் விளக்கில் பார்த்து முடிவு செய்யாதீர்கள். உச்சி வெயிலில், கையுறை போட்டு, கையை முழுக்க நீட்டிப் பாருங்கள். இலக்கம் பெரிதாக இருக்கட்டும், வீழ்ச்சியில் 8.6 என்று சுருக்கிக் காட்டட்டும். 13,000 அடியில் தரையைவிட 25 டிகிரி குளிராக இருக்கும், மலிவான திரை அங்கே மந்தமாகிவிடும். பேட்டரியைக் காலையிலேயே பாருங்கள்.

ஹரியானாவின் நார்னௌலில் பயிற்றுநரோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு குதிக்கப் போகும் நேயர்கள், தங்கள் கையிலும் ஓர் உயரமானி கட்டச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள். 5,000 அடி வாக்கில் பாராசூட் விரியும்போது முள் எங்கே நின்றது என்று பயிற்றுநர் கீழே வந்ததும் கேட்டால், பதில் சொல்ல முடிகிறதா பாருங்கள்.